வேலணை தந்த சபாநாயகர்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிடையிற் கிடக்கும் தீவுகளுள் வேலணைத்தீவு பெரியவற்றுள் ஒன்று. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்திலே தங்கள் தாய்நாட்டு நகரமாகிய லைடன் என்பதன் பெயரை இதற்கு இட்டு வழங்கினர். பாய்க்கப்பல்கள் வந்து தங்கிய ஊர்காவற்றுறைத் துறைமுகம் இத்தீவின் வடமேற்கு முனையிலும், வேலணைக் கிராமம் தென்கிழக்குப் பாகத்திலும் உள்ளன. பனையும் புகையிலைத் தோட்டமும் மீன்பிடியுமே இத்தீவாருக்குப் பழைய சீவனம். மாரி பிழைத்தாற் கிணற்றுநீர் உவர்த்துவிடும். முன்னாளிலே பட்டினத்துக்குப் போகவேண்டியவர் வள்ளம் ஏறியே போதல் வேண்டும். காற்று மாறி வீசினால் நியாயத்தலத்துத் தவணைக்குப் போனவரும், நோயாளியைக் கொண்டு போனவரும் துறையிலே காத்துக் கிடப்பர். அங்ஙனமாகிய ஊரைச் சேர்ந்த ஒருவர் இலங்கை அரசாங்க சபையின் சபாநாயகர் பீடத்திலே 11 வருடம் வீற்றிருந்தார் என்பதனை இக்காலத்து மாணாக்கருட் பலர் அறியார். அவரே சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி அவர்கள்.

மாணாக்கரைக் குறைகூறுதற்கு எமக்கும் உரிமையில்லை. யாம் இளமையில் மிஷன் பாடசாலை ஒன்றிற் பயின்றோம். அங்கே எமக்குச் சரித்திரம் கற்பித்த முதிய ஆசிரியர், ஆங்கிலப் பார்லிமெந்தின் சபாநாயகராகிய லெந்தால் என்பவரின் கதையை மிக்க சுவையுடன் சொல்லுவார். 1642-ஆம் ஆண்டிலே முதலாம் சார்ள்ஸ் மன்னன் படைவீரரோடு சபைக்கு வந்து உறுப்பினர் ஐவரைக் காட்டும்படி கேட்டபொழுது, லெந்தால் முழந்தாளிட்டு வணங்கி, சபை பணித்தாலன்றித் தாம் காண்பதும் பேசுவதும் இல்லையென்று விண்ணப்பித்து, மன்னனை வெறுங்கையோடு திருப்பினார் என்பது அக்கதை. அதனைக் கேட்டு வியந்த யாம், கடல் கடந்தால் எட்டக்கூடிய அயலூரிலே ஒரு சபாநாயகர் தோன்றினாரென்பதை வயது வந்தபின்னரே அறிந்தோம். அது அவ்வாசிரியரின் குற்றமன்று. எம் கையிலிருந்த புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

துரைசுவாமி அவர்கள் வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் என்பாருக்கு 1874-ஆம் ஆண்டு யூன் மாதம் 8-ந் திகதி புதல்வராய்த் தோன்றினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே ஆங்கிலம் கற்றார். அது உவெஸ்லியன் மிஷனாரால் நடாத்தப்பட்டது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்றதும், பின் அங்கேயே ஆசிரியராயிருந்ததும் அந்த மிஷன் பாடசாலையிலேதான். நாவலர் அவர்கள் அதனை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது 1848-இல். துரைசுவாமி அவர்கள் பிறக்கும்பொழுது நாவலர் அவர்களுக்கு வயது 51. இவர் ஐந்து வயதுப் பாலராயிருக்கையில் 1879-இல் நாவலர் அவர்கள் சிவபதம் அடைந்தார்கள். ஆங்கிலக் கல்வி வேண்டின் மிஷன் பாடசாலையன்றி வேறு புகலிடம் அரிதாயிருந்த காலம் அது. சைவபரிபாலன சபை கூடியது 1888-இல். இந்துக் கல்லூரி தலையெடுத்ததும் அதனை அடுத்த ஆண்டுகளிலேதான். ஆகவே இவர்போன்ற சைவப் பிள்ளைகள் பலர் பகலிலே விவிலிய பாடம் கேட்டு, மாலையிலே வீட்டுத் திண்ணையிலிருந்து தேவாரம் ஓதி, இரண்டையும் ஒருங்கே சுமந்து வளர்ந்தனர். அச்சுமையை அறியாதவர் அக்காலத்தாரின் நிதானத்தையும் அறியார்.

பின்னர் இவர் வங்காளத்துக்குச் சென்று கல்கத்தாச் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். மீண்டு வந்து சட்டம் பயின்று அப்புக்காத்து ஆகி, யாழ்ப்பாணத்து நியாயத்தலங்களில் வழக்குப் பேசினார். வழக்குரைக்கும் தொழில் அக்காலத்தில் அரசியலுக்கு வாயில்போலிருந்தது. உத்தியோகத்தர் அரசாங்கத்தைக் குறைகூறல் ஆகாது. வியாபாரிகளுக்கு ஆங்கிலம் போதாது. அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாருமே எஞ்சி நின்றனர்.

1905-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணச் சங்கம் என்னும் அரசியற் சபை உண்டாயிற்று. இந்துசாதனத்தின் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்த அ. சபாபதி அவர்கள் அதன் தலைமை தாங்கிய பெரியாருள் ஒருவர். துரைசுவாமி அவர்களும் அச்சங்கத்தின் முன்னணியில் நின்று உழைத்தார். இக்காலத்துக் கட்சிகள்போலக் கொடியும் கோஷமும் அதற்கு இருந்தில. மகாசனங்களின் குறைகளை எழுதித் தேசாதிபதிக்கும் குடியேற்றநாட்டு மந்திரிக்கும் விண்ணப்பம் அனுப்புதலும், சீர்திருத்தம் வேண்டுதலுமே அதன் வேலை. எனினும் வடபாகத்துத் தமிழரின் சார்பாகப் பேசுதற்கு உரிமையுடைய கட்சி அக்காலத்தில் அதுவே. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் சிங்களத் தலைவர்களோடு கூடி 1919-இல் இலங்கைத் தேசீய காங்கிரசைத் தாபிக்க முயன்றபொழுது, யாழ்ப்பாணத்தார் உடன்படவேண்டுமே என்று அவர் நாடியதும் இச்சங்கத்தையே. மேல்மாகாணத்திலே தமிழருக்கு ஒரு தானம் தருவதாக அன்று கூறப்பட்ட வாக்குறுதி 1921-இற் கைவிடப்பட்டதும், அருணாசலம் அவர்கள் மனம் நொந்து காங்கிரசை நீங்கியதும் யாவரும் அறிந்தவை.

அதே 1921-இற்றான் துரைசுவாமி அவர்கள் வடமாகாணத்தின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையிற் புகுந்தார். 1924-இல் மீண்டும் தெரிவாகி, அச்சபை முடியும்வரை இருந்தார். அக்காலத்து வாக்குரிமை ஆங்கில அல்லது தாய்மொழி எழுத்தறிவும், சொத்தோ வருமானமோ உடைய ஆடவருக்கே உரியது. நாடு முழுவதிலும் நூற்றுக்கு நால்வர்க்கு அது கிடைத்தது. நெடுந்தீவிற் குதிரை மேய்ப்பவனும், நயினாதீவில் வலை வீசுபவனும் தங்கள் பிரதிநிதி யாரென்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தாரல்லர்.

டொனமூர்ப் பிரபுவின் ஆணைக்குழுவார் 1927-இல் வந்து விசாரித்து, 1928-இல் தங்கள் அறிக்கையை வெளியிட்டனர். 21 வயது நிரம்பிய ஆடவரும் 30 வயது நிரம்பிய பெண்டிரும் வாக்களிக்கலாம் என்றும், சாதிவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக என்றும் அவர்கள் கூறினர். முதலாவது, ஏழைக்குப் பெருநன்மை. இரண்டாவது, தொகையிற் சிறியோராகிய தமிழருக்குப் பேரச்சம். இரண்டும் ஒரே ஏட்டில் வந்தமையே அன்றைய இடர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் தள்ளாத வயதிலே இலண்டன் சென்று வாதாடி மீண்டு, 1930 நவம்பரிலே காலமாயினார். 1929-இற் சட்டநிரூபண சபை 19 வாக்குக்கு 17 என்னும் சிறு வேறுபாட்டால் அத்திட்டத்தை ஏற்றது.

அதன்பின் நிகழ்ந்ததொன்று தீவகத்தை நேரே தாக்கியது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டா எனக் கூறி, 1931-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி வேண்டினர். இந்தியாவிலே காந்தியடிகள் மூட்டிய எழுச்சி அவ்வாலிபரைப் பற்றியிருந்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுத்திலர். துரைசுவாமி அவர்களும் கொடுத்திலர். சர்வசன வாக்குரிமை வந்த முதலாண்டிலே தீவகத்து மக்கள் வாக்களிக்கும் வாய்ப்பின்றி இருந்தனர்.

வாலிபரின் நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் பயன் யாது? மற்றைத் தொகுதியார் சபை புகுந்தனர்; மந்திரிகளைத் தெரிந்தனர்; சபையின் நடைமுறைகளை வகுத்தனர். வடக்கின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அவ்வாண்டில் நடந்த இடைத்தேர்தல்களில் ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை அவர்களும், பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களும் உறுப்பினராயினர். செல்வதுரை அவர்கள் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராய் நெடுங்காலம் இருந்தவர். 1936-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதி துரைசுவாமி அவர்களுக்கு உரியதாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 61.

அரசாங்க சபை 61 பேரைக் கொண்டது: தெரிவு செய்யப்பட்டோர் 50, நியமனம் பெற்றோர் 8, அரசாங்க உத்தியோகத்தர் 3. உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாய்ப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் தெரியும் தலைவரே மந்திரியாவர். 1936 மார்ச்சு 17-ந் திகதி புதிய சபை கூடியபொழுது முதற்கண் சபாநாயகரைத் தெரிதல் வேண்டியிருந்தது. முந்திய சபையில் மொலமூரே அவர்களும், அவருக்குப்பின் ஒபயசேகர அவர்களும் அப்பீடத்திலிருந்தனர். இம்முறை துரைசுவாமி அவர்கள் தெரிவாயினார். பின்பு குழுக்கள் வகுக்கப்பட்டன. சிங்கள உறுப்பினர் ஏழு குழுக்களிலும் பெரும்பான்மையாகுமாறு தங்களைப் பகிர்ந்துகொண்டனர். விளைவாக டி. பி. ஜயதிலக அவர்கள் முதலாக மந்திரிகள் எழுவரும் சிங்களவராயினர். அக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணித பண்டிதராகிய தமிழர் ஒருவரே, பேராசிரியர் சி. சுந்தரலிங்கம், என்று சொல்லப்படுகிறது.

சபாநாயகர் பீடம் தமிழருக்கு. மந்திரி பதவிகளில் ஒன்றேனும் தமிழருக்கு இல்லை. இதுவே 1936-இன் நிலை. பீடம் மதிப்பிலே உயர்ந்தது. ஆனால் அதில் அமர்ந்தவர் எந்த நிருவாகக் குழுவிலும் இடம்பெறார், விவாதத்திற் பேசார், வாக்குச் சமமானாலன்றி வாக்களியார். வடக்கிலே நாவன்மை வாய்ந்த முதியோர் ஒருவர், தம்மினத்தார் மந்திரி சபையிலிருந்து முற்றாக விலக்கப்பட்ட அதே மாதத்திலே, வாய்திறவாத ஆசனத்தில் ஏறினார். அதனைக் கண்ணோட்டமாகக் கொள்வதா, தந்திரமாகக் கொள்வதா? யாம் இரண்டும் கலந்ததெனவே கருதுகின்றோம்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். தீவகத்து வாக்காளர் தங்கள் சார்பிற் பேசுதற்கென ஒருவரை அனுப்பினர். அவர் 11 வருடமும் சபை நடுவே இருந்தாராயினும், அவர் தொகுதிக்காக ஒரு வினாவேனும் எழுந்து கேட்கும் நிலையிலிலர். மந்திரிமாரைத் தனித்துக் கண்டு சொல்லுதற்கும், கடிதம் எழுதுதற்கும் தடையில்லை. பலர்முன் கேட்டு விடை வாங்குதல் மாத்திரம் கூடாது. இங்கிலாந்திலே சபாநாயகரின் தொகுதியார் இதனைப் பழைய வழக்கமென்று பொறுத்துக்கொள்வர். குடிநீருக்கும் துறைக்கும் பாதைக்கும் வருந்தும் தீவார் பொறுத்தல் அத்துணை எளிதன்று. ஊரில் எழுந்த குறைச்சொல்லுக்கு இது காரணமாயின், அதனை அறியாமை என்று யாம் தள்ளமாட்டோம்.

சபையோ பழையபடி அமைதியாயிருக்கவில்லை. 1939-இலே பொன்னம்பலம் அவர்கள் சிறுபான்மையோர் யாவருக்கும் சேர்த்துப் பாதி ஆசனம் வேண்டுமென்னும் கோரிக்கையை அச்சபையிலே மணிக்கணக்காக வாதாடினார். சிங்கள உறுப்பினர் சீறினர். ஐரோப்பிய யுத்தம் மூண்டமையால் 1936-இற் கூடிய சபையின் ஆயுள் மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டது. 1942 ஏப்பிரல் 5-ந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு பொழிந்தன. 1944-இலே ஜே. ஆர். ஜயவர்த்தன அவர்கள் சிங்களத்தை உத்தியோக பாஷையாக்கும் பிரேரணையைக் கொணர்ந்தார். கிழக்குப் பகுதியினராகிய வி. நல்லையா அவர்கள் தமிழையும் சேர்க்கவேண்டுமெனத் திருத்தம் கூறினார். சபை திருத்தத்தை ஏற்று இருமொழிகளையும் அங்கீகரித்தது. அவ்வாண்டிலேயே பொன்னம்பலம் அவர்கள் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தாபித்தார். சோல்பரிப் பிரபுவின் ஆணைக்குழுவாரும் அவ்வருட முடிவில் வந்திறங்கினர். 1945 நவம்பரிலே டி. எஸ். சேனநாயக்க அவர்கள் பிரித்தானிய அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கையை ஏற்கும்படி பிரேரித்தபொழுது, சார்பாக 51 வாக்கும் எதிராக 3 வாக்கும் விழுந்தன.

இவையெல்லாம் துரைசுவாமி அவர்கள் சபாநாயகராயிருந்த காலத்து நிகழ்ச்சிகள். தம் சாதியாரின் வருங்காலத்தைத் தீர்மானிக்கும் விவாதம் தம் கண்முன்னே நடக்க, தாம் நடுநின்று, பேசுவோர்க்குப் பேசும் முறையளித்து, மிஞ்சுவோரை அடக்கி, எண்ணிக்கையை அறிவித்தலே அப்பீடத்தில் இருப்பவரின் கடமை. பொன்னம்பலம் அவர்கள் பேசினார். துரைசுவாமி அவர்கள் பேசாதிருந்தார். அவர் பேச்சுப் பாதி ஆசனத்தைப் பெற்றுத் தரவில்லை. இவர் மௌனமும் ஒரு மந்திரி பதவியைப் பெற்றுத் தரவில்லை; 1942-இலே அ. மகாதேவா அவர்கள் உள்நாட்டு மந்திரியானது, ஜயதிலக அவர்கள் இந்தியாவுக்குச் சென்றமையால் நேர்ந்த வெற்றிடத்தினாலேயாம். எனினும் சிங்கள உறுப்பினரே பெரும்பான்மையாயிருந்த சபை 11 வருடகாலம் ஒரு தமிழரின் தீர்ப்புக்குக் கீழ்ப்படிந்து நடந்தது. இன்று அதனைச் சிறுபொருளென நினைப்பவர் சிலர். பின்னர் நிகழ்ந்தவற்றைப் படித்தவர்க்கு அது சிறுபொருளாய்த் தோன்றாது.

அரசாங்கத்தார் அவருக்குச் சேர் என்னும் பட்டம் அளித்தனர். பட்டம் பெற்ற கனவான்கள் பலர் கோயில் வாயிலை மறந்த காலத்தில் இவர் மறந்தாரல்லர். கொழும்புத்துறை யோகர் சுவாமிகளிடத்தில் ஈடுபாடு பூண்டிருந்தார். சபையிலே அடக்கிவைத்த அவர் சொல் வெளிப்பட்ட இடம் பாடசாலை எனலாம். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அதன் கிளைப் பாடசாலைகளும் நடாத்திய நிருவாக சபையில் அவர் தலைமை பூண்டு நெடுங்காலம் உழைத்தார். கொக்குவில், வட்டுக்கோட்டை, சாவகச்சேரி, உரும்பராய், காரைநகர் ஆகிய இடங்களிலிருந்த கிளைகளை ஒரு குடைக்கீழ் வைத்து நடாத்துதல் எளிதன்று. அரசாங்க உதவிப்பணம் ஒருபால். ஆசிரியர் சம்பளம் ஒருபால். கட்டிட நிதிக்கு மலாய் நாட்டிலும் கொழும்பிலுமுள்ள சைவரிடம் கையேந்துதல் மற்றொருபால். கிராமந்தோறும் சைவத் தமிழ்ப் பாடசாலை வேண்டுமென்று 1923-இலே சு. இராசரத்தினம் அவர்கள் சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தைத் தொடங்கியதும் இக்காலத்ததே. மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்ற ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அந்நிலை வேண்டாதபடி செய்த முயற்சி இவையெல்லாம். மிஷனாரை வைது திரிந்ததைக் காட்டிலும் இதுவே நாவலர் அவர்களின் வழி என்பது எமது துணிபு. மிஷனாரிடம் யாம் பெற்ற கல்விக்கும் நன்றி மறத்தல் ஆகாதன்றோ.

1947-இலே அரசாங்க சபை ஒழிந்து, பிரதிநிதிகள் சபை வந்தது. அதன் முதற் சபாநாயகர், 1931-இல் அப்பீடத்தில் இருந்த மொலமூரே அவர்களே. ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு அல்பிரட் தம்பிஐயா அவர்கள் உறுப்பினராயினர். துரைசுவாமி அவர்கள் அப்பொழுது எழுபதைக் கடந்திருந்தார். அதன்பின் மேலும் ஏறக்குறைய 19 வருடம் வாழ்ந்தார். நீண்ட ஆயுள் எல்லார்க்கும் வரமாவதில்லை. 1956 யூன் 5-ந் திகதி, கொழும்பிலே காலிமுகக் கடற்கரையில் அவர் நடுநின்று நடாத்திய அதே மண்டபத்திலே, சிங்களம் ஒன்றையே உத்தியோக பாஷையாக்கும் மசோதா சமர்ப்பிக்கப்பட்டது. 1944-இல் இருமொழிக்கும் இசைந்த சபையின் இருக்கைகள் அவை. மசோதாவைக் கொணர்ந்தவர், 1936-இன் மந்திரி எழுவருள் ஒருவராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்கள். வெளியே கடற்கரைத் திடலிற் சாத்துவிகமாக அமர்ந்திருந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் அடிபட்டனர். துரைசுவாமி அவர்களுக்கு அன்று 82 வயது நிறைய மூன்று நாளே இருந்தன.

பின்பு 1960, 1961-ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலே உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் தன் கைக்கொண்டது. மிஷன் பாடசாலையோடு சைவப் பாடசாலையும் போயிற்று. சைவர் அரிசி தண்டியும் கைப்பொருள் ஈந்தும் எழுப்பிய கட்டிடங்களுக்கு ஆவணம் மாறியது. ஆசிரியருக்கு மாதந்தவறாது சம்பளம் வந்தது; பிள்ளைகளுக்கு ஓரளவு சமவாய்ப்பு உண்டாயிற்று; அவற்றை மறுக்கோம். ஆனால் ஆசிரியர் நியமனத்திலும் பாடத்திலும் ஊரார்க்கு இருந்த சொல் அற்றுப்போயிற்று. சபையைத் துறந்தபின் அவர் பற்றி நின்ற தூணும் அவர் கண்முன்னே வேறொருவர் கைக்குப் போவதை அவர் 86-ஆம் பிராயத்திற் கண்டார்.

1966-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, 91-ஆம் வயதில், துரைசுவாமி அவர்கள் சிவபதம் அடைந்தார். பாராளுமன்றம் 1982-இலே கோட்டைக்குப் பெயர்ந்தது. காலிமுகத்துக் கட்டிடம் பின்னர் சனாதிபதி செயலகமாயிற்று. 1947-க்குப் பின் இலங்கைப் பாராளுமன்றத்தின் சபாநாயகர் பீடத்திலே சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்துள்ளனர். வேலணையாருக்குப் பின் தமிழர் ஒருவரும், இதனை எழுதும் நாள்வரை, அதில் அமர்ந்திலர்.